அஜந்தா குடைவரைகள்: உளியும் சுத்தியலும் போதுமா?

ஜூலை 6 (கேள்வி)

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. மகாராஷ்டிராவின் அஜந்தா, கார்லே, எல்லோரா குகைகளை உளியால் குடைந்திருக்கவே முடியாதாம். பாறையை இளக்கும் ஏதோ ஒரு தொழில்நுட்பம் இருந்து பிறகு மறந்துபோனதாம். "அப்படியானால் வெட்டிய கல் எங்கே?" என்றும் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஜூலை 6, இரவு

இந்த வீடியோக்கள் எல்லாமே முடிந்த குகைகளைத்தான் காட்டும். 1ஆம் குகையின் பத்மபாணி ஓவியம், 26ஆம் குகையின் சாய்ந்த புத்தர், அவ்வளவுதான். அஜந்தாவில் பாதியில் நின்ற வேலை நிறைய இருக்கிறது. அங்கே கேமரா போகாது. போனால் வீடியோவுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

24ஆம் குகைக்குப் போங்கள். முடிந்திருந்தால் 4ஆம் குகைக்கு அடுத்த பெரிய விகாரையாக (பிக்குகள் தங்கும் மண்டபம்) இருந்திருக்கும். சில தூண்கள் முழுதாக வந்திருக்கின்றன, சில வெறும் கல் தொகுதிகளாக நிற்கின்றன. உள்ளே அரைகுறையாக விட்ட பாறைமுகத்தில் முறை அப்படியே தெரியும்: கூர் உளியால் பக்கத்தில் பக்கத்தில் நீளமான பள்ளங்கள் இழுத்திருக்கிறார்கள். இரண்டு பள்ளத்துக்கு நடுவே ஒரு வரப்பு நிற்கும். வரப்பைப் பக்கவாட்டில் அடித்துப் பெயர்த்துவிட்டு அடுத்த அடுக்குக்கு இறங்குவார்கள். பாறையை முழுக்கப் பொடியாக்க வேண்டியதில்லை. பள்ளத்தின் அளவுக்குத்தான் உளி வேலை, மீதி துண்டு துண்டாக வந்துவிடும். உருக்கிய பாறையில் உளித்தடம் இருக்காது.

ஜூலை 7

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நம் மனதில் கட்டடம் என்றால் அடியிலிருந்து மேலே. குடைவரை அதற்கு நேர் தலைகீழ்.

1. சரிவான மலைமுகத்தைச் செங்குத்தாகச் செதுக்கிச் சமமாக்குவார்கள். முகப்பின் கோடுகள் இதில்தான் விழும்.
2. சைத்தியமாக (ஸ்தூபி உள்ள வழிபாட்டுக் கூடம்) இருந்தால், முகப்பில் குதிரை லாட வடிவில் இருக்கும் அந்தப் பெரிய சாளரத்தின் உயரத்தில் உள்ளே நுழைவார்கள். வேலை நடக்கும்வரை அந்தச் சாளரம்தான் வாசல், கல்லை வெளியே தள்ளும் வழி, வெளிச்சம் எல்லாம்.
3. கூரையை ஒட்டியே பின்சுவர்வரை சுரங்கம் போல் போய், கூரையை அங்கேயே முடித்துவிடுவார்கள். நிற்கும் தரை பாறை. சாரம் தேவையில்லை.
4. பிறகு கீழே இறங்குவது. தூண் வரவேண்டிய இடங்களிலும், ஸ்தூபி வரவேண்டிய இடத்திலும் கல்லை விட்டுவிட்டு மற்றதை எடுப்பது.
5. தரை கடைசி.

பல பாதிக் குகைகளில் மேல்பகுதி மெருகோடும், தரை கரடுமுரடாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இதில் திருத்திக்கொள்ள வழியில்லை. தூணுக்கு விடவேண்டிய கல்லைத் தவறிப்போய் வெட்டிவிட்டால் முடிந்தது. அதனால் மேலே இருக்கும்போதே கீழே எங்கே எது என்று கோடு போட்டவன் ஒருவன் இருந்தாக வேண்டும். உண்மையில் வியக்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

ஜூலை 7, பிற்பகல்

கணக்கும் போட்டுப் பார்ப்போம். 10ஆம் குகை, அஜந்தாவின் பழைய சைத்தியம், கி.மு. 2ஆம் நூற்றாண்டு. உள்ளளவு சுமார் 95 அடி நீளம், 41 அடி அகலம், 36 அடி உயரம். பெட்டியாகப் பெருக்கினால் 1,40,000 கன அடி. வளைவு, 39 தூண்கள், ஸ்தூபி எல்லாம் கழித்தால் ஏறக்குறைய 1,05,000 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது சுமார் 3,000 கன மீட்டர். பசால்ட் (இங்குள்ள எரிமலைப் பாறை) கன மீட்டருக்கு 2.9 டன் வாக்கில் இருக்கும். மொத்தம் 8,700 டன்.

எல்லோரா கைலாசநாதர் கோயிலுக்குத் தொல்லியலாளர் எம்.கே. தவலிகர் போட்ட கணக்கில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 4 கன அடி வெட்டுவதாக எடுத்துக்கொள்கிறார். அதையே இங்கே வைத்தால் 26,000 ஆள்நாள். 30 பேர் என்றால் 880 நாள். மழைக்காலம், விழா, உளி மாற்றும் நேரம் எல்லாம் போக வருடத்துக்கு 200 நாள் என்றால் நாலரை வருடம்.

ஒரு விஷயம் இந்தக் கணக்கில் இல்லை: ஆரம்பத்தில் சாளரத்தின் அகலத்துக்குள் 30 பேர் நிற்க இடம் கிடையாது. நாலைந்து பேர்தான் நிற்கலாம். உள்ளே அகன்ற பிறகுதான் ஆள் கூட்ட முடியும். தூண் இழைப்பதும் 4 கன அடி வேகத்தில் ஓடாது. எனவே ஐந்தாறு வருடம் என்றே வையுங்கள். ஐம்பது என்றாலும் நம்பலாம், ஆனால் தேவையில்லை.

ஜூலை 9

"கல் எங்கே போனது" என்பதற்கு. அஜந்தா குகைகள் வாகோரா ஆற்றின் லாட வடிவ வளைவில், 70 மீட்டருக்கு மேல் உயரமான பாறைச்சுவரின் நடுவே இருக்கின்றன. வெளியே தள்ளினால் நேராக ஆற்றுப் பள்ளத்தில் விழும். ஒவ்வொரு மழைக்கும் ஆறு பெருக்கெடுத்து ஓடும். சில்லுகளை அப்புறப்படுத்த இதைவிட மலிவான ஏற்பாடு கிடையாது. கொஞ்சத்தை முன்முற்றம் நிரவவும் பயன்படுத்தியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

மேலே சரிந்த மண்ணும் கல்லும் குகைக்குள்ளேயே சேர்ந்தது தனிக்கதை. 1819 ஏப்ரல் 28 அன்று ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி 10ஆம் குகைத் தூணில் தன் பெயரையும் தேதியையும் கீறிவைத்தார். ஓவியத்தின் மேலேயே! இன்று அது நம் தலைக்கு மேல் இருக்கிறது. அவர் நின்றது அன்றைய மண்மேட்டின் மேல்.

ஜூலை 10

உளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அதுதான் முக்கியம். பசால்ட்டில் இரும்பு முனை சீக்கிரம் மழுங்கும். வெட்டுபவனுக்குப் பக்கத்திலேயே கொல்லுலை வேண்டும். முனையைக் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் வைத்துத் திருப்பித் தர வேண்டும். தோய்ச்சல் அதிகமானால் முனை உடையும், குறைந்தால் மடங்கும். அதற்குக் கரி, கரிக்கு விறகு. 30 கல்வெட்டுநர் என்றால் அவர்களுக்குப் பின்னால் கொல்லர், விறகு சுமப்பவர், சோறு சமைப்பவர் என்று இன்னொரு கூட்டம். வீடியோக்காரர் தேடும் மறைந்த தொழில்நுட்பம் இந்தக் கொல்லன்தான்.

ஜூலை 10, இரவு

பாறையைப் பற்றியும் ஒரு குறிப்பு. தக்காணப் பாறை ஒரே கல் இல்லை. எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்தது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சில இடங்களில் சிவப்பான, மென்மையான மண்போன்ற படலம் வரும். அடுக்குகள் கிடைமட்டமாக இருப்பதால் தட்டையான கூரை எளிதில் கிடைக்கும். ஆனால் கூரை அந்தப் பலவீனப் படலத்துக்குக் கீழே சரியாக வந்து தொலைத்தால் ஆபத்து. 4ஆம் குகை அஜந்தாவின் மிகப் பெரிய விகாரை. மதுரா என்பவர் கொடுத்த கொடை. அதன் மண்டபக் கூரையில் ஒரு அடுக்கு பெயர்ந்து விழுந்ததை இன்றும் பார்க்கலாம். வேலை முழுமை பெறவே இல்லை. வெளியிலிருந்து பார்க்கும்போது உள்ளே பாறை எப்படி என்று யாருக்கும் தெரியாது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

செங்குத்து வெடிப்புகள் இன்னொரு தொல்லை. மழைநீர் அதன் வழியே உள்ளே இறங்கும். ஓவியத்தின் முதல் எதிரி இதுதான். அதைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 11

"நம் ஊரில் ஏன் இப்படிப் பெரிதாக இல்லை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கல் முக்கியக் காரணம். இங்கே இருப்பது கிரானைட் வகை, பசால்ட்டைவிடப் பிடிவாதம். கூடவே கிடைமட்ட அடுக்கும் கிடையாது. தமிழ்பிராமி எழுத்துள்ள கற்படுக்கைகள் இயற்கைக் குகைத்தளங்களில் வெட்டியவை, பெரும்பாலும் சமணருடையவை. மண்டபமாகக் குடைவது மகேந்திரவர்மன் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில்தான் இங்கே வேகம் பிடிக்கிறது. கிரானைட்டில் முடியாது என்றும் சொல்ல முடியாது. பீகாரின் பராபர் மலையில் அசோகர் காலத்திலேயே கிரானைட்டைக் குடைந்து கண்ணாடி போல மெருகேற்றியிருக்கிறார்கள். அவை ஆசீவகத் துறவிகளுக்குக் கொடுத்தவை, பௌத்தக் குகைகள் அல்ல. அளவிலும் சிறியவை.

ஜூலை 14

எனக்குப் பெரிய புதிராகத் தெரிவது குடைந்த விதம் இல்லை, மர விட்டங்கள்தான். கார்லே பெரிய சைத்தியத்தின் கூரையைப் பாருங்கள். 120 அடிக்கு மேல் நீளம். மேலே வளைவு வளைவாகத் தேக்கு விட்டங்கள். ஈராயிரம் வருடத்துக்கு அருகில் ஆன மரம், இன்னும் அங்கேயே. அவை எதையும் தாங்கவில்லை. தாங்கவும் வேண்டாம், மேலே இருப்பது ஒரே மலை.

கார்லேக்கு அருகிலுள்ள பாஜா குகை இன்னும் பழையது, கி.மு. 2ஆம் நூற்றாண்டு. அங்கே 27 தூண்களும் உள்பக்கம் சாய்ந்து நிற்கும். கல்லில் இதற்கு ஒரு காரணமும் இல்லை. மரக்கட்டடத்தில் காரணம் உண்டு: வளைந்த கூரையின் எடை தூண்களை வெளிப்பக்கம் தள்ளும், அதை எதிர்க்கத் தூணை உள்ளே சாய்த்து நடுவார்கள். அந்தச் சாய்வு அப்படியே கல்லுக்கு வந்துவிட்டது. பாஜா முகப்பில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. மரத்தாலான முன்முகப்பு பொருத்தியிருந்த துளைகள் அவை, மரம் போய்விட்டது.

அஜந்தா 10இல் ஒரு நடுநிலை: பக்கவழிகளில் விட்டங்களைக் கல்லிலேயே செதுக்கிவிட்டார்கள், நடுக்கூடத்தில் மட்டும் மரம். நடுக்கூட மரம் இன்று இல்லை, பொருத்திய தடம் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் 19, 26 இரண்டிலும் எல்லாம் கல். எல்லோரா 10ஆம் குகையிலும், 7ஆம் நூற்றாண்டில், கல்லிலேயே விட்டம். ஊர்க்காரர்கள் அதைத் தச்சன் குடிசை என்று அழைப்பதில் வியப்பில்லை.

ஜூலை 15

"கூரை விழாமல் இருக்கத்தான் மரம் போட்டார்கள்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இல்லை. நடுக்கூடத்தில் விட்டம் உதிர்ந்துபோன அஜந்தா 10இன் கூரை அப்படியே நிற்கிறது.

தோரணமும் விளக்கும் தொங்கவிட வசதி என்ற விளக்கமும் உண்டு. பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் அதற்குக் கூரையில் கொக்கிக்கு நாலு துளை போட்டால் போதுமே? சைத்தியம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மரக்கட்டடத்தில் பழகிய கண்ணுக்கு விட்டம் இல்லாத கூரை வெறுமையாகத் தெரிந்திருக்கும். அதுதான் எனக்குப் படுகிறது.

ஜூலை 19

ஓவியம். முதலில் ஒன்று: இவை "பிரெஸ்கோ" இல்லை. எல்லாப் பயண வலைப்பூவிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஈரச் சுண்ணாம்பில் நிறம் பூசி, சுண்ணாம்பு இறுகும்போது நிறம் அதோடு பிணைவதுதான் பிரெஸ்கோ. அஜந்தாவில் காய்ந்த தளத்தில் பசை கலந்த நிறம். தண்ணீர் பட்டால் பசை இளகும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பராமரிப்புச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அடுக்குகள் உள்ளிருந்து வெளியே:

சுவரை மெருகேற்றாமல் உளித்தடத்தோடு விடுவது, பூச்சு பிடிக்க. அதன்மேல் இரும்புச்சத்துள்ள மண், மணல், உமி, புல், நார் கலந்த கனமான பூச்சு. அதன்மேல் இன்னும் நயமான மண்பூச்சு. பிறகு முட்டையோடு அளவுக்கு மெல்லிய வெள்ளைப் பூச்சு. அதில் செங்காவியால் கோட்டோவியம். நிறம் நிரப்பி, கடைசியில் கரும்பழுப்பிலோ கறுப்பிலோ மறுபடி கோடு. மூக்கு நுனி, உதடு, முகவாய் ஆகியவற்றில் வெள்ளைத் தீற்றல் வைத்து மேடு காட்டுவது.

நிறங்களில் சிவப்பும் மஞ்சளும் காவிமண். பச்சை பசால்ட்டிலேயே கிடைக்கும் பச்சை மண். கறுப்பு விளக்குக் கரி. வெள்ளை சுண்ணாம்பு, ஜிப்சம், வெண்களிமண். நீலம் மட்டும் ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லாசுலி. 9, 10 குகைகளின் பழைய ஓவியங்களில் அது இல்லை, 5ஆம் நூற்றாண்டுக் குகைகளில் வருகிறது. ஒரு சுவரில் நீலம் எவ்வளவு என்று பார்த்தாலே கொடையாளியின் கைச்செழிப்பு ஓரளவு தெரியும்.

ஜூலை 19, பிறகு

எது கெடுகிறது? மழையில் மண்பூச்சு ஈரம் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். பாறையும் பூச்சும் ரசாயனமாக ஒட்டியவை அல்ல, பிடிமானம் மட்டும்தான். எங்கேயாவது விட்டால் ஒரு பெரிய தகடாகக் கீழே வரும். உமியும் புல்லும் பூச்சிக்குச் சாப்பாடு. எல்லோராவில் மண்பூச்சில் சணல் வகைச் செடியின் (கஞ்சாச் செடியேதான், சிரிக்க வேண்டாம்) தண்டுச் சில்லைக் கலந்திருப்பதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அங்கே பூச்சி அரிப்பு குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பது அவர்கள் கருத்து. அஜந்தாவில் அது இல்லை.

மனிதன் செய்த கேடு தனி. 19ஆம் நூற்றாண்டில் படியெடுக்கத் தெளிவாகத் தெரியட்டும் என்று வார்னிஷ் பூசினார்கள். 1920களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. பெயர்ந்த பூச்சை அவர்கள் ஒட்டிக் காப்பாற்றியது உண்மை. மேலே பூசிய அரக்கு மெருகு நாளடைவில் மஞ்சளாகி, தூசி ஏற்றுக் கருத்ததும் உண்மை. அதைக் கரைப்பான் வைத்து அங்குலம் அங்குலமாக எடுப்பது தொல்லியல் துறைக்குப் பின்னாளில் பெரிய வேலையாகிவிட்டது.

படியெடுத்த ஓவியங்களின் கதியும் நன்றாக இல்லை. ராணுவ அதிகாரி ராபர்ட் கில் 1844இலிருந்து வரைந்தவற்றில் பெரும்பகுதி 1866 லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போனது. பிறகு ஓவியர் ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களோடு வரைந்தவற்றில் பல 1885இல் லண்டன் தீயில் போயின. அசல் குகையில் இருந்ததே மேல்.

ஜூலை 26

யார் பணம் கொடுத்தது? "மன்னர் கட்டினார்" என்ற பள்ளிப்பாட வாக்கியம் இங்கே சரிப்படாது. அஜந்தா 10இன் முகப்பைக் கொடுத்தவர் வாசிட்டிபுத கடஹாதி. அவர் கொடுத்தது முகப்பு மட்டும். கார்லேயில் தூணுக்குத் தூண் வேறுவேறு பெயர். தேனுகாகடகம் என்ற ஊரின் யவனர்களும் அதில் உண்டு. வைஜயந்தி ஊரின் பூதபால செட்டி, ஜம்புத்தீவிலேயே சிறந்தது என்று தன் கல்வீட்டைச் சொல்லிக்கொள்கிறார். 5ஆம் நூற்றாண்டில் ஆட்கள் பெரியவர்கள்: 16ஆம் குகை வாகாடக மன்னன் ஹரிசேனனின் அமைச்சர் வராகதேவர், 26ஆம் குகை புத்தபத்திரர் என்ற பிக்கு. முன்பு தூண் தூணாகப் பங்கு போட்டது, பின்பு ஆளுக்கொரு குகை.

ஜூலை 27

குடைந்தால் போதுமா, உள்ளே இருப்பவருக்குச் செலவு? நாசிக் கல்வெட்டு ஒன்று இதைப் பைசா சுத்தமாகச் சொல்கிறது. க்ஷத்ரப மன்னன் நகபானனின் மருமகன் உஷவதாதன் 3,000 காசு (கார்ஷாபணம்) வைப்பு வைக்கிறான். 2,000 ஒரு நெசவாளர் குழுவிடம், மாதம் நூற்றுக்கு 1 வட்டி. 1,000 இன்னொரு நெசவாளர் குழுவிடம், நூற்றுக்கு முக்கால். முதல் திரும்பக் கிடையாது, வட்டி மட்டும். முதல் தொகைக்கு வருடம் 240 வரும். 20 பிக்குகளுக்கு ஆளுக்கு 12 துணிச்செலவுக்கு, சரியாக 240. இரண்டாவதில் 90, சில்லறைச் செலவுக்கு. மழைக்காலத்தில் மூன்று மாதம் குகையில் தங்கும் 20 பேர் கையில் தட்டேந்தாமல் உடுக்க இது போதும் என்று கணக்குப்பிள்ளை யாரோ உட்கார்ந்து போட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 3

ஏன் இத்தனை குகை பாதியில் நின்றது? கலை வரலாற்றாளர் வால்டர் ஸ்பிங்க் வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தவர். அஜந்தாவின் இரண்டாம் கட்ட வேலை (5ஆம் நூற்றாண்டுக் குகைகள்) முழுவதும் கி.பி. 462 முதல் 480 வரை பதினெட்டு வருடத்துக்குள் முடிந்தது, ஹரிசேனன் இறந்ததும் பணம் நின்றது என்பது அவர் வாதம். எல்லோரும் ஏற்கவில்லை, 6ஆம் நூற்றாண்டு வரை இழுப்பவர்களும் உண்டு. வாகாடகர் வீழ்ச்சிக்கு அவர் துணைக்கு அழைத்தது தண்டி எழுதிய தசகுமார சரிதம் என்ற சமஸ்கிருதக் கதைநூலின் கடைசிக் கதை. தண்டி காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடையவர். கதையை வரலாறாகப் படிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

ஆனால் அவருடைய கல் சாட்சியங்களில் தயக்கம் இல்லை. அறைக் கதவின் அச்சு சுழலும் குழிகளை வரிசைப்படுத்தினார். முன்னது வெறும் குழி, பின்னது துருத்திய கல் தாங்கி. தாங்கி இருக்கும் அறை பிந்தியது. அதே போல 1ஆம் குகைக் கருவறையில் புத்தர் மேல் விளக்குப் புகை படியவில்லை, மாலைக் கொக்கியும் இல்லை என்று கவனித்து, அங்கே வழிபாடு தொடங்கவே இல்லை என்றார். நாம் போய்ப் பார்க்கும் மிக அழகான குகை திறப்புவிழா காணாதது!

ஹரிசேனனுக்குப் பிந்திய சில வருடங்களில் கிடைத்த சுவர்களில் எல்லாம் ஆளுக்கொரு சிறு புத்தரைச் செதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். திட்டத்தில் இல்லாதவை. 26இலும் 19இலும் முகப்பு ஓரங்களில் தேடுங்கள். சமச்சீர் குலைந்த இடம்தான் அடையாளம்.

ஆகஸ்ட் 9

போக நினைப்பவர்களுக்கு, தனித்தனியாகக் கேட்டதற்கு மொத்தமாக. அஜந்தா திங்கள் மூடல், எல்லோரா செவ்வாய் மூடல். சம்பாஜிநகரில் (ஔரங்காபாத்) தங்கினால் இதை வைத்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள். அஜந்தா அங்கிருந்து 100 கி.மீ., ஜல்காவிலிருந்து 60. ஃபர்தாபூர் முக்கில் வண்டியை விட்டுவிட்டு, கடைசி 4 கி.மீ. அங்கே விடும் பேருந்தில்தான். ஃபிளாஷ் கூடாது. ஓவியக் குகைகளில் மங்கலான விளக்குதான், கண் பழக ஐந்து நிமிடம் நின்றால் நிறம் தானாக எழும். அவசரப்படுபவர்கள் "ஒன்றும் தெரியவில்லை" என்று திரும்புகிறார்கள்.

வரிசை எண்ணில் போகாதீர்கள். 10, 9, பிறகு 19, 26, அப்புறம் 24, 4, கடைசியில் 16, 17, 1, 2. முதலில் 1ஐப் பார்த்தவர்களுக்கு 24இல் நிற்கப் பொறுமை இருப்பதில்லை.

கார்லே, பாஜா இரண்டுக்கும் லோனாவாலா–புணே லோக்கல் ரயிலில் மளவ்லி நிலையம். பாஜா பக்கம் நடந்தே போகலாம். கார்லேயில் ஏக்வீரா அம்மன் கோயில் வாசலிலேயே இருப்பதால் விழா நாட்களில் கூட்டம் நெரிக்கும், வாரநாள் காலை நல்லது.